தொட்டிக்குள் அடங்கும் சங்குப்பூ: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றக் கொடிகளெல்லாம் கம்பி உச்சியைத் தாண்டித் தொங்க, அந்த வெள்ளைச் சங்குப்பூ மட்டும் முழங்கால் உயரத்தில் நின்று பூத்திருக்கிறது. இதையே நீலத்தில் கொண்டுவந்து, தொட்டிக்கென்று தனி ரகமாக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கலப்பில் இறங்குமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள். அந்தக் குட்டைத்தனம் விதையில் இருக்கிறதா, தொட்டி காட்டும் வேடிக்கையா?

தொட்டியில் வைத்தால் எந்தக் கொடியும் கொஞ்சம் குறுகும். வேர் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொண்டால் தண்டு நீளாது. நாலு நாள் தாமதமாக முளைத்த நாற்றும் பக்கத்துச் செடியின் நிழலில் குட்டையாகத்தான் தெரியும். வைரஸ் தாக்கினாலும் குட்டையாகும். ஆனால் இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் சேர்ந்து வரும். இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கிய செடி. பாக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி அடக்கி ஊற்றியிருந்தால், தொட்டி மண்ணில் அது நெடுநாள் தங்கி வேலை செய்யும். அடிக்கணுக்கள் நெருக்கமாக, இலை கரும்பச்சையாக இருந்து, நுனிப்பக்கம் மட்டும் கணுவிடை (இரண்டு கணுவுக்கு இடைப்பட்ட நீளம்) திடீரென நீண்டால் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் செடியிலிருந்து குட்டை ரகம் வராது.

சோதனை எளிது. அந்த வெள்ளைக்கொடியிலிருந்து 12 விதை, சாதாரணக் கொடியிலிருந்து 12 விதை எடுத்துக்கொள். சங்குப்பூ விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் ஒன்று ஐந்தாம் நாளும் இன்னொன்று இருபதாம் நாளும் முளைக்கும், பிந்தி வந்ததைக் 'குட்டை' என்று கணக்கெழுதிவிடுவாய். அதனால் நகவெட்டியால் தோலில் ஒரு சிறு கீறல் கொடு. விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும் பக்கத்தைத் தொடாதே, முளை அங்கேதான் இருக்கிறது, எதிர்ப்பக்கம் கீறு. 12 மணி நேரம் ஊறவிட்டு, உப்பிய விதைகளை மட்டும் ஒரே நாளில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்று. உப்பாததை மறுபடி கீறி இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம், இந்தச் சோதனைக்கு அது வேண்டாம்.

எல்லாத் தொட்டியும் 25 சென்டிமீட்டர் வாய் அகலம், ஒரே ஆழம். கலவை: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதே. இது பயறு இனம், வேர் முடிச்சில் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும். மிஞ்சினால் இலையும் நீளமும்தான் கிடைக்கும், பூ பின்வாங்கும். இரண்டு வகையையும் தனித்தனி வரிசையாக வைக்காமல் மாற்றி மாற்றி வை. ஒரு வரிசை சுவர் நிழலில் மாட்டினால் நிழலே கணுவிடையை இழுத்துவிடும், நீ அதை ரகத்தின் குணமென்று நினைப்பாய்.

45ஆம் நாள் அளவெடு. மொத்த உயரத்தை நம்பாதே. நுனி முறிந்திருக்கலாம், பூச்சி கடித்திருக்கலாம். ஐந்தாம் கணுவிலிருந்து பத்தாம் கணு வரை நூல் பிடித்து அளந்து ஐந்தால் வகு. அதுதான் உன் கணுவிடை எண். கூடவே முதல் பூ எந்தக் கணுவில் வந்தது, பக்கக்கிளை எத்தனை என்று எழுதிக்கொள். வெள்ளையின் பன்னிரண்டும் தெளிவாகக் குறுகிய கணுவிடை காட்டினால் மேலே போ. பாதி நீண்டு பாதி குறுகினால், உன் செடி தானாகவே கலப்பாகி வந்த ஒன்றாக இருக்கலாம், அல்லது அதன் பூவில் பக்கத்துக் கொடியின் மகரந்தம் கலந்திருக்கலாம். குட்டைகளை மட்டும் இன்னொரு தலைமுறை விதை எடுத்துப் பார். பன்னிரண்டும் நீண்டுவிட்டால் வருத்தப்படாதே, மூன்று வருட வேலை மிச்சம்.

இனி கலப்பு. வெள்ளைக் குட்டையைத் தாயாகவும், நன்றாகப் பூக்கும் நீல நெட்டையைத் தந்தையாகவும் வை. காரணம் இருக்கிறது: பொதுவாக நீலம் வெள்ளையை அடக்கும். கலப்பில் வந்த விதை முளைத்து நீலமாகப் பூத்தால் கலப்பு பிடித்தது. வெள்ளையாகப் பூத்தால் தாய் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிட்டது, உன் கை பிசகியது. மாற்றி வைத்தால் இந்தச் சாட்சி கிடைக்காது.

சங்குப்பூ தலைகீழாகத் திரும்பியிருக்கும் பூ. பெரிய கொடியிதழ் கீழே கிடக்கும். அதன் மேல் இரண்டு சிறகிதழ், அவற்றுக்குள் படகிதழ். படகுக்குள் பத்து மகரந்தத்தாள்: ஒன்பது ஒட்டிக் குழலாக, ஒன்று தனியாக. பூ விரியும் முன்பே மகரந்தப்பை வெடித்துவிடும், அதனால் விரிந்த பூவில் ஆண்மை நீக்கம், அதாவது மகரந்தத்தாள்களை எடுத்துவிடுவது, செய்து பயனில்லை. நாளைக் காலை விரியப்போகும் மொட்டை இன்று மாலை நான்கு மணிக்கு மேல் தேர்ந்தெடு. முழு நீளம் வந்து, இதழ் வெளியே நீண்டு, இன்னும் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூர் இடுக்கியால் கொடியிதழை நீளவாக்கில் பிளந்து விலக்கு, சிறகையும் படகையும் மெல்லக் கிழித்தெடு, பத்துத் தாளையும் எண்ணி எடு. லென்ஸ் வைத்துச் சூலகமுடியை, அதாவது மகரந்தம் ஏற்கும் நுனியை, பார். மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால் அந்த மொட்டைக் கிள்ளி எறி. ஒவ்வொரு மொட்டுக்கும் இடுக்கியை ஸ்பிரிட்டில் துடை. முடிந்ததும் மெல்லிய வலைப் பை போட்டுக் கட்டு.

மறுநாள் காலை ஒன்பதுக்குள் நீலக்கொடியின் அன்றைய பூவை எடுத்து, அதன் மகரந்தத்தைச் சூலகமுடியில் தொட்டுவை. வெயில் ஏறினால் மகரந்தம் வீணாகும். மறுபடி பை. காம்பில் சீட்டு, அதில் தாய் × தந்தை, தேதி. பென்சிலால் எழுது, பேனா மை வெயிலில் வெளுத்து, மூன்று மாதத்தில் வெற்றுச்சீட்டு தொங்கும்.

நிறைய உதிரும். ஒரு வாரத்தில் இருபது பூவாவது செய். அதே நேரத்தில் ஐந்தாறு மொட்டில் ஆண்மை நீக்கம் மட்டும் செய்து, மகரந்தம் வைக்காமல் பை போட்டு விடு. அவற்றில் காய் பிடித்தால் நீ மகரந்தத்தாளைச் சரியாக எடுக்கவில்லை என்று தெரிந்துபோகும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு வருடம் கழித்துத் தலையில் கை வைக்கிறார்கள். தாய்க்கொடியிலுள்ள மற்றக் காய்களைக் கிள்ளிவிட்டால் கலப்புக் காய்க்குச் சத்துப் போகும். காய் பழுப்பேறியதும் பறித்துவிடு, காய்ந்தால் முறுக்கி வெடித்து விதையை எங்கோ எறிந்துவிடும்.

உண்மையான கலப்புச்செடி ஒன்று போதும், அதுவே ஒரு பருவத்தில் வேண்டிய விதை தரும். அந்த முதல் தலைமுறை நெட்டையாகத்தான் வரக்கூடும். குட்டை போயே போய்விட்டது என்று பிடுங்கிவிடாதே; ஒளிந்திருக்கிறது. அதன் பூக்களைத் தன் மகரந்தத்திலேயே காய்க்க விட்டு, பைக்குள் விதை எடு. பெரும்பாலும் தானே கருவுறும் பூ என்றாலும் தேனீயும் கருவண்டும் கொஞ்சம் கலந்துவிடும்.

இரண்டாம் தலைமுறையில்தான் பிரிந்து வரும். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில் இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை, அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. உன் குட்டைத்தனமும் ஒரே மரபணுவால் வந்திருந்தால், 80 நாற்றில் ஏறக்குறைய 20 குட்டை, அவற்றில் 15 நீலம். அந்தப் பதினைந்தில் ஐந்துதான் நீலத்தில் நிலைத்தவை, மீதிப் பத்து வெள்ளையை மறைத்து வைத்திருப்பவை. 80 பெரிய தொட்டிக்கு இடமில்லையே என்பாய். வேண்டாம். சிறு கோப்பைகளில் நட்டு, ஏழெட்டுக் கணு வந்ததும் கணுவிடை பார்த்து நெட்டைகளைக் கழி. மீதியை உடனே பெரிய தொட்டிக்கு மாற்று. அதற்குமேல் கோப்பையில் வைத்திருந்தால் வேர் அடைத்து எல்லாமே குட்டையாகத் தெரியும். அளவுகளைத் தாளில் புள்ளி வைத்துப் பார்: இரண்டு குவியலாகப் பிரிந்தால் ஒரு மரபணு. ஒரே குவியலாகச் சிறியதிலிருந்து பெரியது வரை பரவினால் பல மரபணு சேர்ந்த வேலை. அப்போது 80 போதாது, ஒவ்வொரு தலைமுறையிலும் குறுகியவற்றைத் தேர்ந்து தேர்ந்து போக வேண்டியிருக்கும்.

பட்டாணியின் அந்தக் குட்டை மரபணு, ஜிப்பெரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கடைசிக் கட்டத் தயாரிப்பில் பழுதானது என்று 1997இல் கண்டறிந்தார்கள். உன் குட்டையும் அந்த ரகமா என்று அறிய ஆசையிருந்தால், கழிக்கப்போகும் ஒரு குட்டை நாற்றில் நீர்த்த ஜிப்பெரெல்லிக் அமிலம் தெளித்துப் பார். கிடுகிடுவென நீண்டால் ஹார்மோன் குறைபாடுதான். வேலைக்கு இது அவசியமில்லை. கோல்சிசின் (செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் மருந்து) தொட்டுப் பார்க்கலாமா என்ற உன் கேள்விக்கு மட்டும் ஒரே பதில்: வேண்டாம். அது நஞ்சு, வீட்டில் வைக்கும் பொருள் அல்ல.

தேர்வில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இருப்பதிலேயே குட்டையை எடுப்பது முதல் தவறு. 1890களில் வந்த 'கியூபிட்' என்ற குட்டை இனிப்புப் பட்டாணிப்பூ தரையோடு படர்ந்த செடியாகிவிட்டது. அழகுதான், ஆனால் அது ஏறுகொடி அல்ல. உனக்கு வேண்டியது 60 முதல் 75 சென்டிமீட்டர் கம்பியைப் பற்றி ஏறி, வெட்டாமலே அங்கே நின்று, அடியிலிருந்தே பூப்பது. இரண்டாவது தவறு, கணுவை மட்டும் பார்த்துப் பூவை மறப்பது. கணுவிடை குறுகும்போது இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும், பூ உள்ளே ஒளியும். காற்றோட்டம் குறைந்து செம்பேனும் சாம்பல் நோயும் குடியேறும். ஆகவே சின்ன இலை, இலைக்கு வெளியே எட்டிப்பார்க்கும் பூ, கீழ்க்கணுவிலேயே முதல் பூ, கிள்ளாமலே மூன்று நான்கு பக்கக்கிளை, இவை சேர்ந்த செடியைப் பிடி. ஒரு நாளில் எத்தனை பூ என்பதைவிட எத்தனை வாரம் விடாமல் பூக்கிறது என்று எண்ணு. சங்குப்பூ ஒருநாள் பூ. இங்கே காய்களை எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி விடு அல்லது ஒரே மாதிரி கிள்ளு. காய் நிறைந்த கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஒப்பீடு கெடும்.

தேர்ந்த ஒவ்வொரு நீலக் குட்டையிலிருந்தும் 16 விதை போடு. ஒன்றாவது வெள்ளையாகப் பூத்தால் அந்தத் தாய் நிலைக்காதது, அந்தக் குடும்பத்தை விடு. பதினாறும் நீலமாக இருந்தால் நூற்றுக்கு 99 உறுதி. நிறம் இப்படி ஒரே தலைமுறையில் தெரிந்துவிடும். கிளை, இலை அளவு, பூக்கும் காலம் ஆகியவை மெல்லத்தான் நிலைக்கும்: தன்கருவுறுதலில் கலப்புத்தன்மை தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், நான்காவதில் 12.5, ஆறாவதில் சுமார் 3. விதைப்பிலிருந்து முற்றிய விதை வரை நான்கைந்து மாதம் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை போகலாம். ஒரு சுற்று வெயில் காலத்திலும் ஒரு சுற்று மந்தமான காலத்திலும் விழும்படி பார்த்துக்கொள். வெளிச்சம் குறைந்தபோதும் குட்டையாக நிற்பதுதான் உண்மையான குட்டை.

தண்டுக் குச்சி வைத்து இரண்டாம் தலைமுறையின் நல்ல செடியையே பெருக்கலாம், இத்தனை வருடம் எதற்கு என்றும் எழுதியிருந்தாய். செய்யலாம். ஆனால் தாயிலுள்ள வைரஸ் எல்லாக் குச்சிக்கும் போகும். ஆணிவேர் இல்லாத குச்சிச்செடி சிறிதாகவும் வரக்கூடும். அதை விதைச்செடியோடு பக்கத்தில் வைத்துக் கணுவிடை ஒப்பிடாதே.

உரிமை பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இப்போதே இரண்டு விஷயம். புதிய தாவர ரகங்களைக் காக்கும் யூபோவ் (UPOV) என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி புதுமை, தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை நான்கும் வேண்டும். அதன் 1991 திருத்த வடிவின்படி, விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேல் முன்னரே விதையோ செடியோ விற்றிருந்தால் புதுமை போய்விடும். ஆர்வத்தில் விற்றுத் தொலைக்காதே. பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும், லத்தீன் வடிவில் இருக்கக்கூடாது. 1959 முதல் புதிதாக வைக்கும் அப்படிப்பட்ட பெயர் செல்லாது.

முதலில் அந்த 24 தொட்டி. 45ஆம் நாள் எண்களைச் செடி வாரியாக அனுப்பு, சராசரியை மட்டும் போட்டு அனுப்பாதே. படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடு.

அன்புடன்,
அப்பா