முட்டையை நிறுத்தினா முழங்கால் தண்ணி வத்திடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்புல மூட்டு வலி பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படத்துல இருந்தவங்க எல்லாம் தாத்தா பாட்டிங்க. எங்க வீட்ல மூட்டுவாதம் நாலு வயசு மகளுக்கு.

காலையில எந்திரிச்சா இடது முழங்காலை நீட்ட முடியாம நொண்டி நொண்டி வருவா, பத்து மணிக்கு மேல பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடுவா, அதனாலேயே யாரும் நம்பல. பாலர் பள்ளிக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு அத்தை சொன்னாங்க, வளர்ற வயசு வலின்னு பக்கத்து கிளினிக்ல சொன்னாங்க, நானும் ஒரு மாசம் எண்ணெய் தேச்சு நீவி விட்டுட்டே இருந்தேன், இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. 16 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, வேற காரணம் இல்லாம 6 வாரம் மூட்டு வீங்கியே இருந்தா சிறார் மூட்டுவாதம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கண்ணையும் பாக்கணும், இந்த நோய் கண்ணு செவக்காம வலிக்காமயே உள்ளுக்குள்ள பார்வையைக் கெடுத்துடுமாம்.

பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்து முழங்கால் தண்ணிய எடுத்துட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. எடுத்தத டாக்டர் காட்டினார். நல்ல மூட்டுத் தண்ணி தெளிவா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலா இழுபடணுமாம், இது கலங்கின பார்லி தண்ணியாட்டம் சொட்டு சொட்டா விழுந்துச்சு.

கிருமி இருக்கான்னு பாக்கத்தான் அத லேப்புக்கு அனுப்பினாங்க. ஆனா அதுல இருக்கிற புரோட்டீனும் ஒரு கதை சொல்லுதாம். வெள்ளை அணுக்கள் கொட்டுற எஸ்100 வகை புரோட்டீன் ரத்தத்துல இருக்கிறத விட வீங்கின மூட்டுக்குள்ள பல மடங்கு இருக்கும். முதல் 6 மாசத்துல நாலு மூட்டுக்கு மேல போகாம நிக்கிற நோய் சில பிள்ளைங்களுக்கு அப்புறம் மத்த மூட்டுக்கும் பரவிடும், யாருக்குப் பரவும்னு முன்கூட்டியே தெரியுமான்னு வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல இந்த மூட்டுத் தண்ணியை வெச்சே ஆராய்ச்சி பண்ணி, வைட்டமின் டியைச் சுமக்கிற புரோட்டீன் ஒரு அடையாளமா இருக்கலாம்னு 2012ல எழுதியிருக்காங்க. எனக்கும் தூக்கம் வராத கேள்வி அதுதான், இன்னொரு காலுக்கும் போயிடுமோ. டாக்டர்கிட்ட கேட்டேன், அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, எழுதிக் கொடுத்து எடுக்கிற டெஸ்ட் இல்லம்மா, பொறுத்துத்தான் பாக்கணும்னார்.

இத நான் வீட்ல வந்து சொன்னது தப்பாப் போச்சு. புரோட்டீன்னு காதுல விழுந்ததும் அத்தை பிள்ளைக்கு முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, வாட்ஸ்அப்லயும் அப்படித்தான் வந்துச்சாம். மூட்டுத் தண்ணியில இருக்கிற அந்தப் புரோட்டீன் சாப்பாட்டுல இருந்து வர்றது இல்ல, உடம்பே உண்டாக்குறதுன்னு எத்தனை தடவை சொல்றது, பிள்ளையே எலும்பும் தோலுமா இருக்கா.

குழந்தைங்க மூட்டுவாதம் பாக்கிற டாக்டர் ஒருத்தர எழுதச் சொல்லி அடுத்த ஞாயிறு போடுங்க. அத்தை உங்க பேப்பர வரி விடாம படிப்பாங்க, நான் சொன்னாத்தான் கேக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிறை, பினாங்கு