முழு எண்ணுக்கு எந்த மெத்தட் பொருந்தும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல்மொழிகளில் முழு எண்களுக்கென்று புதிய மெத்தட்களை, அதாவது எண்ணோடு சேர்த்துப் பெயர் சொல்லி அழைக்கும் சிறு செயல்முறைகளைச் சேர்ப்பது வெறும் அலங்காரம் என்றும், கூட்டல், கழித்தல், மீதி காணல் ஆகிய குறிகளை அறிந்தவருக்கு அவை தேவையில்லை என்றும் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிரல் எழுதுவதையும் பிறர் எழுதிய நிரலைத் திருத்துவதையும் பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கருத்து ஏற்புடையதாக இல்லை.

ஓர் எண் ஒற்றைப்படையா என்று அறிய, 2 ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். ஆனால் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மைனஸ் 7 ஐ 2 ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி மைனஸ் 1. பைத்தானிலும் ரூபியிலும் அதே கணக்குக்கு விடை 1. ஆகவே ஒரு மொழியில் பிழையின்றி ஓடிய வரியை இன்னொரு மொழிக்கு அப்படியே எடுத்துச் சென்றால் குறை எண் வரும்போது மட்டும் அது தவறும். மிகை எண்களை மட்டும் கொடுத்துச் சோதிப்பவர் கண்ணில் அத்தவறு படவே படாது. இத்தகைய ஒரு பிழையைத் தேடி நான் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்ததுண்டு. ரூபியில் இருப்பதைப் போல, ஒற்றைப்படையா என்று எண்ணிடமே கேட்கும் மெத்தட் இருந்திருந்தால் அந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது.

இரண்டு எண்களின் நடு எண்ணைக் காண்பதும் இத்தகையதே. இரண்டையும் கூட்டி 2 ஆல் வகுப்பதில் என்ன பிழை நேர்ந்துவிடும் என்று தோன்றலாம். கூட்டுத்தொகை 2,14,74,83,647 ஐத் தாண்டினால் 32 பிட் எண் (32 இரும இலக்கங்களுக்குள் அடக்கி வைக்கும் எண்) இடம் போதாமல் குறை எண்ணாகப் புரண்டுவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) இருந்த, பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் பைனரி தேடலிலேயே இப்பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது என்று, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006 இல் வெளிப்படையாக எழுதினார். ரஸ்ட் மொழியில் இப்போது இதற்கென்றே எண்களுக்கு ஒரு மெத்தட் இருக்கிறது. தேர்ந்தவர் கையிலும் தவறிய ஒரு கணக்கை ஒரே இடத்தில் சரியாக எழுதி, அதற்கொரு பெயர் வைப்பதை அலங்காரம் என்பது எவ்வகையில் நியாயம்?

அதற்காக, எண்ணின் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நான் சொல்லவில்லை. இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ரூபி நிரல் தொகுப்பான ரூபி ஆன் ரெயில்ஸில் எண்ணை அடுத்து ஒரு புள்ளி வைத்து நாள், மாதம் என்று எழுத முடியும். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒற்றைப்படையாக இருப்பது எண்ணுக்குரிய பண்பு, மாதம் நாட்காட்டிக்குரியது. தேதியோடு கூட்டும்போது ரெயில்ஸ் நாட்காட்டியைப் பார்த்துச் சரியாகவே கணக்கிடுகிறது. ஆனால் ஒரு மாதத்தை வினாடிகளாக மாற்றச் சொன்னால், 5.1 பதிப்பு முதல், ஆண்டின் சராசரி நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான 26,29,746 வினாடிகளைத் தருகிறது. அவ்வளவு நீளமுள்ள மாதம் நாட்காட்டியில் ஒன்றுகூட இல்லை.

மேலும், இரண்டு நூலகங்கள் ஒரே பெயரில் எண்ணுக்கு மெத்தட் சேர்த்தால், ரூபியில் பின்னால் ஏற்றப்பட்டதே ஓசையின்றி நிலைத்துவிடும். இத்தகைய மாற்றத்தைக் கேட்டு வாங்கிய கோப்பளவில் அடக்கிவைக்கும் வசதி 2013 இல் வந்த ரூபி 2.0 இல்தான் சோதனை முயற்சியாக அறிமுகமானது. சி ஷார்ப் மொழியோ 2007 இலேயே, வெளியிலிருந்து சேர்க்கும் மெத்தட்களை வேண்டியவர் மட்டும் வரவழைத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தைப் பாடநூலைப் போல நம்பிப் படிக்கும் மாணவர்கள் பலர். அவர்களுக்காக, மைனஸ் 7 இன் மீதி மொழிக்கு மொழி மாறும் என்ற செய்தியையேனும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையைச் சேர்ந்த வாசகர்