இன்ஜினுக்கு முன்னால் ஸ்டேஷனைக் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் விடுமுறைப் பொழுதுபோக்குகள் குறித்து வெளிவந்த கட்டுரையில், மாதிரி ரயில்பாதை அமைப்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள்; மகிழ்ச்சி. ஆனால் வெளிநாட்டு ரயில் செட் ஒன்றை வாங்கி வட்டப் பாதையில் ஓடவிடுவதோடு காரியம் முடிந்துவிடுவதாகவும், ஆகவே இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்றும் அந்தப் பத்தி முடிந்திருந்தது. இந்தக் கலையில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் அதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. இன்ஜினை வாங்குவது இதில் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. நம் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

காரணத்தைச் சொல்கிறேன். உலகெங்கும் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவு என்பது அசலில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளியான 16.5 மி.மீ., ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கியதால் கிடைத்தது. நம்முடைய அகலப்பாதையோ 1,676 மி.மீ.; அதே கணக்கில் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். அதனால்தான் 16.5 மி.மீ. பாதையில் ஏற்றப்பட்ட நம் ரயில்களின் மாதிரிகள், பக்கவாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும், நேர் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரங்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கின்றன. மீட்டர்கேஜுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1,000 மி.மீ.யைச் சுருக்கினால் 11.5 வரும், சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வே மீட்டர்கேஜ் என்பதால், அதன் மாதிரிகளுக்காக ஜெர்மனியின் பெமோ நிறுவனம் 12 மி.மீ. பாதையை விற்கிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு எந்தக் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. தமிழ்நாட்டில் நீலகிரி மலைப்பாதை தவிர மற்ற இடங்களில் நாம் பெயர்த்தெடுத்துவிட்ட மீட்டர்கேஜ்தான் மேசையின்மேல் அளவு பிசகாமல் உட்காருகிறது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் நம் மீட்டர்கேஜ் இன்ஜினும் பெட்டிகளும் கடையில் கிடைப்பது அரிது. கையால் செய்துகொள்ள வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் கேஜ் கிடையாது. கை பழகுவதற்கு அவற்றைவிட நல்ல இடமும் இல்லை.

செலவு குறித்து ஐயம் உள்ளவர்கள் கூரையிலிருந்து தொடங்கலாம். பழைய சிறு ஸ்டேஷன்கள் பலவும் மங்களூர் ஓடு வேய்ந்தவை. டானிக் புட்டியைச் சுற்றி வரும் மெல்லிய நெளி அட்டையை எடுத்து, ஒரு பக்கத்துத் தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்துவிட்டு, நெளிவுக்குக் குறுக்காக 4 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்ட வேண்டும். அவற்றைக் கீழ்வரிசையிலிருந்து மேலேறி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் சற்றே ஏறும்படி ஒட்டிக்கொண்டு போனால் ஓட்டுக்கூரை வந்துவிடும். ஒரே நிறத்தை அள்ளிப் பூசினால்தான் அது பொம்மையாகிவிடும். காவிப்பொடியை நீர்த்த பசையில் கரைத்துப் பூசி, உலர்ந்தபின் மிக நீர்த்த கறுப்பைத் தடவி உடனே துடைத்தெடுத்தால், கறுப்பு பள்ளங்களில் மட்டும் தங்கி, பல மழைக்காலம் கண்ட கூரையாகத் தெரியும். இடையிடையே இரண்டொரு ஓட்டுக்குப் புதுச்சிவப்பு கொடுங்கள். எந்தக் கூரையிலும் மாற்றிய ஓடு இருக்கும்.

மண்ணுக்கு எங்கும் போகவேண்டாம், மண்ணையே பயன்படுத்தலாம். தண்டவாளத்தடியில் கிடக்கும் 50 மி.மீ. ஜல்லி இந்த அளவில் 0.6 மி.மீ. ஆகிறது, சலித்த மணலே அதற்குப் போதும். தென்மாவட்டக் காட்சி என்றால், செம்மணல் மேடுகளான தேரிகளின் மணலைப் போல் இன்னொன்று இல்லை. ஆனால் பரப்புவதற்குமுன் அதன் ஊடே ஒரு காந்தத்தைப் பலமுறை ஓட்டி, ஒட்டிக்கொண்டு வரும் கருந்துகள்களை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் பின்னாளில் ஓடப்போகும் இன்ஜினின் மோட்டார் அவற்றை இழுத்துக்கொண்டு பழுதாகும். பரப்பிய மணல்மேல் நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, பாத்திரம் துலக்கும் சோப்புநீர் ஒரு துளி கலந்திருந்தால் பசை முத்துமுத்தாக நிற்காமல் உள்ளே இறங்கும். மரங்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஊசியிலை மரங்களும் ஓக் மரங்களும்தாம். பனை இல்லாத திருநெல்வேலிச் சீமையை யார் நம்புவார்கள்? 15 மீட்டர்ப் பனை இங்கே 17 செ.மீ.; மூங்கில் குச்சியின்மேல் நூல் சுற்றிக் கரும்பழுப்பு தீட்டி, விசிறியாக மடித்து வெட்டிய தாளோலைகளைச் செருகினால் போதும். கீழே தொங்கும் காய்ந்த மட்டைகளை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எந்த இடத்தைத் தேர்வது என்பதில்தான் ஆசையை அடக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 87-இல் ஒரு பங்காக்கினாலும் 23 மீட்டருக்கு மேல் வரும், எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலமோ ஏறத்தாழ 100 மீட்டர்தான், மாதிரியில் 1.15 மீட்டர், ஒரு மேசையில் முழுதாக நிற்கும். ஓர் இன்ஜினும் எட்டு மீட்டர்கேஜ் பெட்டிகளும் நிற்பதற்கான நடைமேடைக்கே 2 மீட்டர் போய்விடும் என்பதால், நாலு பெட்டி நிற்குமளவுக்கு அதைக் குறைத்துக்கொண்டு, ஸ்டேஷன் கட்டடம், கைகாட்டி, லெவல் கிராசிங் கேட் ஆகியவற்றை மட்டும் அளவு குறையாமல் கட்டுவதே அனுபவசாலிகளின் வழக்கம். 2001 முதல் ஹாம்பர்க்கில் இயங்கிவரும் மினியேச்சர் வுண்டர்லாண்டு போன்ற பிரம்மாண்டமான காட்சியகத்திலும் தூரங்கள் இப்படிச் சுருக்கப்பட்டவைதாம். புனேயில் 1998 முதல் இயங்கிவரும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தை, அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பார்க்கலாம்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. மதுரை–போடி பாதையும் அவ்வாறே நிறுத்தப்பட்டு, 2023-இல் போடி வரை மீண்டது. பாதை மாற்றத்தில் தப்பிய பழைய கட்டடங்கள் சில, இன்றைய மறுசீரமைப்புப் பணிகளில் முகம் மாறிக்கொண்டிருக்கின்றன. நடைமேடை உயர்வதையும் கட்டடம் பெரிதாவதையும் நான் குறைசொல்லவில்லை. பயணிகளுக்கு அவை தேவை. இடிப்பதற்குமுன் அளந்து வையுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். தென்னக ரயில்வேயின் பொறியியல் பிரிவுகளில் பழைய நிலையக் கட்டட வரைபடங்கள் இருக்குமானால், அவற்றின் நகல்களைச் சென்னை ரயில் அருங்காட்சியகத்தின் வழியாகப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யலாம். தங்கள் நாளிதழும், வாசகர் வீட்டு ஆல்பங்களில் உள்ள பழைய ஸ்டேஷன் படங்களுக்கு வாரம் ஒரு கால்பக்கம் தரலாம். திருமணத்துக்கு வந்தவர்களை வழியனுப்பும் படத்தின் பின்னணியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் கைகாட்டியும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் ஆவணங்கள்.

தங்கள் ஊரில் அத்தகைய கட்டடம் இன்னும் இருப்பதாக அறிந்த வாசகர்கள், ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி பெற்று, 10 செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்த ஒரு மீட்டர்க் குச்சியைச் சுவரோரம் நிறுத்தி, நான்கு பக்கமும் நேர் எதிரே நின்று படமெடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கதவு, ஜன்னல், நடைமேடை ஆகியவற்றின் உயரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டால் மிச்சத்தைப் படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தென்காசி