பாதிக் கிளி

புதுப்பாளையம், கடலூர்

அன்புள்ள தேனு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "இந்த வீட்டில் எனக்கு மட்டும் ஏம்மா எம்பிராய்டரி கைவரமாட்டேங்குது?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே 'சரிம்மா சரிம்மா' என்று விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ துணியில் போட்ட அந்தப் படர்கொடி. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடாக ஓடுகிற காம்புத் தையல் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது என்று அழுதாயே, கோளாறு உன் கையில் இல்லை. முதல் ஏழெட்டுத் தையலில் நூல் ஊசிக்குக் கீழே கிடக்கிறது. வளைவு வந்ததும் மேலே ஏறிவிட்டது, அப்புறம் மறுபடியும் கீழே. ஆரம்பத்தில் நூல் எந்தப் பக்கம் கிடந்ததோ, கொடி முடிகிற வரைக்கும் அந்தப் பக்கமே கிடக்க வேண்டும். வளைவில் தையலைக் கொஞ்சம் சின்னதாகப் போடு. வேறு ஒன்றும் இல்லை.

நூல் முடிச்சு விழுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு நூல்கண்டில் 8 மீட்டர், 6 இழை. அடிக்கடி ஊசி கோர்க்கச் சலிப்புப்பட்டு நீ நீளமாக வெட்டுவாய், எனக்குத் தெரியும். துணிக்குள் போய் வருகிற ஒவ்வொரு தரமும் நூல் உரசித் தேய்கிறது, முறுக்கும் ஏறுகிறது. பூ அளக்கிற மாதிரி ஒரு முழம் போதும். இழைகளை ஒவ்வொன்றாக உருவி, அப்புறம் இரண்டைச் சேர்த்துக் கோர்த்துக்கொள். நடுநடுவே துணி மாட்டிய வளையத்தைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிட்டால் அது தானே சுற்றி முறுக்கு இறங்கிவிடும். நீ வாங்கிய 3-ஆம் நம்பர் ஊசி இந்த வேலைக்குத் தடிமன். ஊசியில் நம்பர் கூடக் கூட மெலியும். இரண்டு இழைக்கு 9-ஆம் நம்பர் எடு.

பிரெஞ்ச் நாட், அதான் ஊசியில் நூலைச் சுற்றிப் போடுகிற குட்டி முடிச்சு, உள்ளே விழுந்து காணாமல் போவது, ஊசி வெளியே வந்த ஓட்டையிலேயே திரும்பக் குத்துவதால். துணியில் ஒரு நூல் தள்ளிக் குத்து. ஊசி முழுக்க உள்ளே போகிற வரை இடது கை நூலை விடக்கூடாது.

அக்கா ஒரே நாளில் ஜாக்கெட் கையை முடித்துவிடுகிறாள் என்கிறாய். அது ஆரி, தேனு. கொக்கி வைத்த ஊசி, நூல் துணிக்கு அடியில் இருக்கும், கொக்கி அதை மேலே இழுத்து இழுத்துச் சங்கிலி போட்டுக்கொண்டே போகும். முழத்துக்கு முழம் நிறுத்திக் கோர்க்கிற வேலையே கிடையாது. அந்த வேகத்தை உன் கை ஊசியோடு வைத்துப் பார்க்காதே. அத்தையின் தலையணை உறைகளும் ஆயாவின் குரோஷா லேஸும் உனக்கு முடிந்த பொருளாகத்தான் தெரியும். அவர்கள் பிரித்துப் போட்ட நூலை நீ பார்த்ததில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு ரோஜா இதழை ஆயா நான்கு தரம் பிரிக்க வைத்தார். நான் ஊசியை வீசிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். திட்டவில்லை. அடுத்த வாரம் பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். ரோமன் ரோலன் வீதியில் க்ளூனி சபைக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற எம்பிராய்டரி கூடம் இருக்கிறதே, அங்கே. அந்தச் சபைக் கன்னியர் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். உயரமான பழைய பிரெஞ்சு வீடு, உள்ளே பெண்கள் குனிந்த தலை நிமிராமல் மேஜை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யாருடைய பூவையும் பார்க்கவில்லை. ஓரமாக இருந்த ஒரு நரைத்த அம்மா, முடிந்துபோன ஒரு இலையை ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பிப் பிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பிரித்து முடித்ததும் ஊசியைத் தலைமுடியில் ஒரு தரம் தேய்த்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆயாவும் அப்படித்தான் தேய்ப்பார். எண்ணெய் பட்டால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும், நம் ஊர் உப்புக் காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்காது.

ஆயா எனக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை நான் உனக்குக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நீ ஆறாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையில் கிளி போடச் சொன்னார்கள். மறுநாள் கொண்டுபோக வேண்டும். நீ தலையும் உடம்பும் முடித்து இறக்கைக்கு வந்திருந்தாய். ராத்திரி பத்து மணி இருக்கும். "கொடு இப்படி" என்று வளையத்தை உன் கையிலிருந்து பிடுங்கி மீதியை நானே போட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முழு மார்க் வந்தது. அதற்குப் பிறகு நீ ஊசியைத் தொடவே இல்லை. உனக்கு ஆர்வம் இல்லை என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது, கண்ணு. மன்னித்துக்கொள்.

அந்தக் கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது. அதே வருஷம் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய், கிளி மூக்கின் சிவப்பு துணியில் இறங்கிவிட்டது. ஆனாலும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். போன வாரம் நீ ஊசி எடுத்திருக்கிறாய் என்று கேட்டதும் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உன் சங்கிலித் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆனால் இத்தனை வருஷத்தில், அவ்வளவு தண்ணீரிலும், ஒன்றுகூட அவிழவில்லை.

அப்புறம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, நான் போட்ட இறக்கையை மட்டும் பிரித்துவிட்டேன். நூல் மூடியிருந்த இடம் பழுப்பேறாமல் வெள்ளையாக இருக்கிறது. இறக்கையின் வடிவம் அப்படியே தெரிவதால் கார்பன் வைத்து வரைய வேண்டியதில்லை. ஊசி ஓட்டைகளை ஈர விரலால் தேய்த்தேன், முக்கால்வாசி மூடிக்கொண்டன. பச்சை நூல் இரண்டு கண்டும் 9-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட்டும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை அப்பா தபாலில் போட்டுவிடுவார்.

எப்போது முடியுமோ அப்போது முடி. படம் அனுப்பும்போது பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு.

உன் அம்மா