வில்லன் அழுதால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வில்லனை மனிதனாகக் காட்டி, பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர்கள் நல்லது கெட்டதைக் குழப்புகின்றன என்று பலரும் குறைபடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2021-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘ஆர்கேன்’ தொடரின் வில்லன் சில்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிம்மர் என்ற போதைப்பொருளை விற்றுத் தன் சொந்த மக்களையே சீரழிப்பவன், அவன் ஆலையில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதையும் தொடர் மூடி மறைக்கவில்லை. அதே ஆள்தான் கைவிடப்பட்டு நின்ற ஜின்க்ஸ் என்ற சிறுமியை மகளாக வளர்க்கிறான். அவளை மேல்நகர ஆட்சியாளர்களிடம் ஒப்படைத்தால், தன் ஊருக்காகக் காலமெல்லாம் கேட்ட விடுதலை கிடைக்கும் என்ற நிலை வந்ததும், தன்னால் செத்துப்போன பழைய தோழனின் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து, மகளைப் போல ஒருவனை நிலைகுலைக்க வேறு ஏதும் உண்டா என்று புலம்புகிறானே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்காக அவன் செய்த பாவத்தை யாரும் மன்னிக்கவில்லை, தொடரும் மன்னிக்கவில்லை. கொம்பு முளைத்த அரக்கனைவிட, பாசமுள்ள ஒருவன் இவ்வளவு கெடுதல் செய்வதுதான் பயமுறுத்துகிறது.

சரி, பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்களே என்றால், அது வேறு பிரச்சினை. கார்ட்டூன்தானே என்று ரிமோட்டைக் கொடுப்பது நாம். உங்கள் விமர்சனப் பக்கத்தில் அனிமேஷன் தொடர்களுக்கும் வயது வரம்பைத் தவறாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்