பிரெய்ல் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் பள்ளிகளில் சாமான் அறையை ஒழிப்பது வழக்கம். பார்வையற்றோர் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அப்போது, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லில் உள்ள பழைய கட்டுகள் எடைக்குப் போய்விடுகின்றன. மையில்லாத தடித்த தாள் என்பதால் பார்ப்பவர்களுக்கு வெற்றுத்தாளாகவே படுகிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர், காது கேளாதோர் கல்வி 1890-களில் பாளையங்கோட்டையில் வேர்விட்டது. பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்கு சுவைன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கினார்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டதோ 1951-ல்தான். அதற்கு முன் ஊருக்கு ஊர் எழுத்துமுறை வேறு. அக்காலத் தாளை இன்றைய ஆசிரியர் தடவினால் பிடிபடாமல் போகலாம். பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்றைய முறையில் 'கொக்கு' என்ற மூன்று எழுத்துக்கு ஆறு கட்டம் (ஒரு புள்ளித் தொகுதிக்கான இடம்) வேண்டும். உயிர்க்குறி தனிக் கட்டம், மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் கட்டம். சின்னப் பாடநூல்கூட பெரிய கட்டாவது இதனால்தான்.

பிரெய்ல் புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர்தான். கட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கிவிடும். நிற்கவைத்து, நெருக்காமல், சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில் வையுங்கள். கயிற்றால் இறுக்கக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. ஏற்காட்டுப் பனியில் தாள் ஈரம் இழுத்து நெகிழும். அந்த நிலையில் விரல் அழுந்தினாலே புள்ளி அமுங்கும். நிழலில் உலர்த்திவிட்டுத் தொடுங்கள். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். இருட்டறையில் டார்ச்சை இடப்பக்கம் தாளோடு தாளாகப் படுக்கவைத்தால் புள்ளிகளின் நிழல் விழும். இருபக்கமும் குத்திய தாளில் மேட்டுக்கும் குழிக்கும் நிழல் எதிரெதிராக விழுவதால் பிரித்துப் படிக்கலாம்.

தாளை வைத்துப் புள்ளி குத்தும் பிரெய்ல் ஸ்லேட் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், குழியின் விளிம்பு தேய்ந்துவிடும். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். கணக்குப் போடும் டெய்லர் பிரேம் என்ற துளைப் பலகையில் செருகும் உலோகக் கட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கட்டையை எட்டுத் திசையில் நிறுத்தலாம், இரு முனையும் வேறு. ஆக 16 குறிகள். பழைய கட்டைகளில் ஈயம் இருக்கும், சிறுபிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது கேளாதோர் பள்ளிகளின் இழப்பு இதைவிடப் பெரிது, ஏனென்றால் அங்கே எடைக்குப் போடக்கூட எதுவும் மிஞ்சவில்லை. 1880-ல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையை ஒதுக்கி, வாய்ப்பேச்சே வழி என்று தீர்மானித்தது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாடு வரை ஆயிற்று. பிள்ளைகளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, வாய் முன் பிடித்த காகிதக் கீற்று அசைந்தால் 'ப', மூக்கில் வைத்த விரல் அதிர்ந்தால் 'ம' என்று பழக்கினார்கள். ஆனால் 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒன்றுதான். உதட்டைப் பார்த்தே பாடம் கற்கச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை. வகுப்புக்கு வெளியே, விடுதித் திண்ணையில்தான் சைகை பிழைத்துக் கிடந்தது.

சேலம் அரசு அருங்காட்சியகம் இப்பொருள்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். முதிய காது கேளாதோரின் சைகைகளை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வீடியோவில் பதிய வேண்டும். இடுப்பு முதல் தலைக்குமேல் ஒரு சாண் வரை சட்டத்துக்குள் வரட்டும், வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். புருவ அசைவும் சைகையின் இலக்கணம்தான். கையை மட்டும் எடுத்தால் கேள்வி எது, பதில் எது என்று தெரியாது.

இப்படிக்கு,
சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.