விடுதியைக் கட்டணத்தால் பிரிக்காதீர்கள்: நான் படித்த கல்லூரியின் ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

புதிய விடுதிக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டுப் பழைய மாணவிகளுக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வழவழப்பான தாளில் கட்டடத்தின் படம் போட்டிருந்தீர்கள். மூன்று மாடி. அறைக்கு இருவர், ஏசி, அறையோடு சேர்ந்த குளியலறை. கீழ்த்தளத்தில் அந்தக் கட்டடத்து மாணவிகளுக்கு மட்டுமான சாப்பாட்டுக்கூடம். அதன் சமையல் ஒப்பந்தக்காரர் பொறுப்பில். பழைய விடுதியும் அதன் மெஸ்ஸும் தொடரும், ஆனால் அங்கே அறைக்கு நால்வர் என்பது ஆறு பேராகும். புதிய கட்டடத்துக்கான கட்டணம் பழையதைப்போல் மூன்று மடங்கு.

படிவத்தை நிரப்பத்தான் உட்கார்ந்தேன். என்னால் முடிந்த தொகையையும் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை.

காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். அது ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்ற பயத்தில் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. நம் கல்லூரி மட்டும் இதைச் செய்யவில்லை. விண்ணப்பத்தில் ஏசி, ஏசி அல்லாதது என்று இரண்டு கட்டம் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

1994 ஜூன் மாதம் நாங்கள் முதலாண்டு மாணவிகள் எண்பது பேர் டிரங்குப் பெட்டியும் வாளியுமாக விடுதி வராந்தாவில் நின்றோம். வார்டன் அம்மாவின் மேசைமேல் ஒரு பித்தளைச் செம்பு. அதற்குள் மடித்துப் போட்ட சீட்டுகள். ஒவ்வொருத்தியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் அறை. காரில் வந்து இறங்கியவளும் மூன்று பஸ் மாறி வந்தவளும் அந்த ஒரே செம்புக்குள்தான் கைவிட்டார்கள். எனக்கு 14 வந்தது.

என் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதியவர். 14-ஆம் எண் அறையில் என்னோடு மூன்று பேர். ஒருத்தி கரூர்; அவள் வீட்டில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி. இன்னொருத்தி முக்கூடல், அம்மாவும் அக்காவும் பீடி சுற்றினார்கள். நான்காமவள் கூடலூர்ப் பக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பெயரைவிட ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் விடுதியில் பழக்கம். இன்றும் எனக்கு அவர்கள் கரூர், முக்கூடல், கூடலூர்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரமே அறை மாற்றிக் கேட்டு வார்டன் அம்மாவிடம் போனவள் நான். முக்கூடலின் துணிமணிகளில் புகையிலை நெடி இருந்தது. அவள் பெட்டியைத் திறந்தால் அறை முழுக்கப் பரவும். எனக்குத் தலை வலித்தது. வார்டன் அம்மா கோபப்படவில்லை. “இங்கே அறை மாற்றுகிற வழக்கம் இல்லை. துணியை எடுத்து வெயிலில் போடச் சொல். நீயும் கூடமாடப் போடு” என்றார். அவ்வளவுதான்.

போட்டேன். மொட்டைமாடிக் கொடியில் அவள் தாவணிகளை உதறிப் போட்டுக்கொண்டே, இந்த நெடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அவளும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஊறவைத்த இலையைக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டுவதை வெறுங்கையால் செய்து காட்டினாள். விரல் போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. கையில் இலையும் இல்லை, தூளும் இல்லை. ஆனால் ஒரு பீடி முடிந்ததும் அதை முறத்தில் போடுகிறவள்போல் விரலைத் தட்டினாள். அதற்குப் பிறகு நான் அறை மாற்றிக் கேட்கவில்லை.

அடுத்து மெஸ். உங்களுக்குத் தெரிந்ததுதான்; வெளியிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது வகுத்தல் முறை. டிவைடிங் சிஸ்டம் என்பார்கள். மாதக் கடைசியில் அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதம் மாணவிகள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். வருவது ஒரு நாள் செலவு. அதை அவரவர் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் அவரவர் பில். 240 மாணவிகள் ஆளுக்கு 25 நாள் சாப்பிட்டால் மொத்தம் 6,000 நாள். செலவு 1,02,000 ரூபாய் என்றால் நாளுக்கு 17 ரூபாய். கணக்கையும் கொள்முதலையும் மாணவிகளின் மெஸ் கமிட்டியே பார்த்துக்கொள்ளும். பொறுப்பு மாதாமாதம் கைமாறும். ஒருத்தி தட்டில் வீணாக்கிய சோற்றுக்கு 240 பேரும் காசு கொடுத்தோம். அதனாலேயே யார் எவ்வளவு வீணாக்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொடர்ந்து மூன்று நாள் விடுதியில் இல்லாவிட்டால் அந்த நாட்களுக்குக் கழிவு உண்டு. முக்கூடல் மாதம் ஒருமுறை வியாழன் இரவே ஊருக்குப் போய்விடுவாள். ஞாயிறு இரவுதான் திரும்புவாள். அம்மா ஏக்கம் என்று நாங்கள் கேலி செய்தோம். வெள்ளிக்கிழமைப் பாடங்களை என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். மெஸ் பில்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள்: பெயர், நாள், தொகை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கரூர் அந்தப் பட்டியலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டாள்: “அவள் போவது அம்மாவைப் பார்க்கவா, மூன்று நாள் கழிவுக்கா?”

அடுத்த மாதம் கமிட்டிப் பொறுப்பு கரூருக்கு வந்தது. வியாபாரி வீட்டுப் பெண். விலை பேசத் தெரிந்தவள். காய்கறி மண்டிக்கு விடியற்காலையில் தானே போனாள். விடுதிக் கூட்டத்தில் எழுந்து, புதன்கிழமை பஜ்ஜியையும் ஞாயிற்றுக்கிழமை இனிப்பையும் நிறுத்திவிடலாம் என்றாள். நாற்பது பேராவது சத்தம் போட்டிருப்பார்கள். “நாள் செலவைக் குறைக்க வேண்டும்” என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. யார் பெயரையும் எடுக்கவில்லை. அந்த மாதம் நாள் செலவு 15 ரூபாய்க்கு இறங்கியது. 25 நாளுக்கு 50 ரூபாய் மிச்சம். மூன்று நாள் பட்டினி கிடக்காத குறையாக ஊருக்கு ஓடி முக்கூடல் மிச்சம் பிடித்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். அதற்கடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கூடலூரின் வீடு வெகுதூரம். நான்கைந்து நாள் விடுமுறைக்கெல்லாம் போய்வர முடியாது. அந்த நாட்களில் எங்களில் யாராவது ஒருத்தி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவோம். ஒரு தீபாவளிக்கு அவள் கரூரிலும், ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டிலும் இருந்தாள். என் அம்மா கடைசிவரை அவளை விசாரித்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் திட்டப்படி இந்த நான்கு பேரையும் வைத்துப் பாருங்கள். கரூர் புதிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பாள். அவளுடைய பில் வேறு, மெஸ் வேறு. பலகையில் ஒட்டிய பட்டியலுக்கு முன்னால் நிற்க அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. முக்கூடல் ஆறு பேர் அறையில், தன்னைப்போலவே பில்லுக்குப் பயப்படுகிற ஐந்து பேரோடு இருப்பாள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்கு வராதது யார் கண்ணிலும் படாது. நானோ, கடன் வாங்கியாவது என்னைப் புதிய கட்டடத்தில் சேர்க்க வேண்டுமா என்று அப்பா யோசிக்கும்படி வைத்திருப்பேன்.

பெரிய நகரத்துக் கல்லூரியில் விடுதி என்பது இரவு படுக்கிற இடமாக இருக்கலாம். நம் கல்லூரி மலையடிவாரத்தில் இருக்கிறது. இரவு ஏழே முக்கால் பஸ் போய்விட்டால் மறுநாள் காலைவரை அந்த வளாகம்தான் எல்லாம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்கள் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று தாங்கள் தங்கிய விடுதி ஹாலின் பெயரை வயதான பிறகும் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வகுப்பறையில் நாங்கள் இருந்தது ஐந்து மணி நேரம்; மீதி பத்தொன்பது மணி நேரமும் விடுதியில்தான் வளர்ந்தோம். அந்தப் பத்தொன்பது மணி நேரத்தை இரண்டாகக் கிழிக்கும் திட்டம் இது.

எங்கள் தாமிரபரணிக் கரையில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். அவர் தேசத்துக்காக உழைத்தவர். தமிழ்வழியில் தேசியக் கல்வி தர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில், பலர் தந்த நன்கொடையில் நடந்த இடம் அது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியே சாப்பாடு போட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் காரணம். அந்த இரண்டு பிள்ளைகளின் தனிப்பந்தி 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். காந்தியடிகள்வரை விவகாரம் போனது.

உங்கள் கடிதத்திலும் “பெற்றோர்களின் தொடர்ந்த வேண்டுகோளை ஏற்று” என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சேரன்மாதேவிதான் நினைவுக்கு வந்தது. அது சாதி, இது வசதி என்று நீங்கள் சொல்லக்கூடும். மூன்று மடங்கு கட்டணம் கட்டப் போகிற வீடுகள் எவை, கட்ட முடியாத வீடுகள் எவை என்று விடுதிப் பதிவேட்டை எடுத்து வைத்து ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சாப்பாட்டுக்கூடங்களிலும் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்து நியாயம் தெரியாமல் எழுதவில்லை. வீட்டில் தனி அறையில் வளர்ந்த பெண்ணை நால்வர் அறையில் விடப் பெற்றோர் தயங்குகிறார்கள். சுயநிதிப் பாடப்பிரிவுகளுக்கு அரசு மானியம் கிடையாது. பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். பழைய விடுதியின் கழிப்பறைகள் அன்றே போதவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியோடு வரிசையில் நின்றதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். மாதவிடாய் நாட்களில் அந்த வரிசை பெரும் வேதனை. இன்று வருகிற பெண்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டடம் வேண்டும். கழிப்பறைகள் முதலில் வேண்டும், அதுவும் பழைய விடுதியில்.

நான் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு, மகளை வெளியூர் விடுதியில் விடலாமா என்று என்னிடம் கேட்கிற அம்மாக்கள் கூடியிருக்கிறார்கள். இந்த ஆண்டு என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேருக்கு நம் கல்லூரி விண்ணப்பத்தை நானே வாங்கிக் கொடுத்தேன். அதிலும் அந்த இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒருத்தி பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு, “டீச்சர், இதில் டிக் போட்டதை அங்கே எல்லோரும் பார்ப்பார்களா?” என்று கேட்டாள். விடுதியில் கால் வைக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதனால் கேட்கிறேன். புதிய கட்டடத்தைக் கட்டுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் அறைகளைச் சீட்டுப் போட்டே கொடுங்கள். மூன்று ஆண்டுகளில் ஓராண்டாவது ஒவ்வொரு மாணவியும் புதிய கட்டடத்தில் இருக்கும்படி சுற்றுமுறை வைத்தால் பெற்றோரிடமும் சொல்ல ஒரு பதில் இருக்கும். வசதியுள்ள வீடுகளிடம் கூடுதலாக வாங்க வேண்டுமானால் வருமானச் சான்றிதழைப் பார்த்து அலுவலகத்தில் வாங்குங்கள். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது அறைக் கதவில் தெரிய வேண்டாம். பழைய விடுதியில் ஆறு பேர் என்ற முடிவைக் கைவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெஸ் ஒன்றாகவே இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் வந்தால் மாணவிகள் கையிலிருந்து கணக்குப் புத்தகம் போய்விடும். மண்டியில் விலை கேட்டு, கூட்டத்தில் திட்டு வாங்கி, நாள் செலவை இரண்டு ரூபாய் இறக்குவதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இதை அனுப்புமுன் முக்கூடலைத் தொலைபேசியில் அழைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுத அவள் சம்மதம் வேண்டும் அல்லவா. பஜ்ஜி எதற்காக நின்றது என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “புகையிலை நெடியை எடுத்துவிடாதே, அப்படியே போடு” என்றாள்.

பழைய மாணவிகள் கூட்டத்துக்கு நாங்கள் நால்வரும் வருகிறோம். அதற்குள் அறை ஒதுக்கீடு பற்றிய உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். நன்கொடைப் படிவம் தொகை எழுதியபடியே என் மேசையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி.

இப்படிக்கு,
14-ஆம் எண் அறையில் 1994 முதல் 1997 வரை இருந்த பழைய மாணவி